மேலே வரும் வரைக்குமான காற்று

2025 ஜனவரி 27 முதல் பிப்ரவரி 12 வரை, எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு வாகனத்தைத் தண்ணீருக்குள் இறக்கிச் சோதித்தார்கள். அதன் பெயர் மத்ஸ்யா 6000. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்தது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். ஆழ்கடலுக்குப் போகும்போது அந்த மூவரும் 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியம் கலப்புலோகக் கோளத்துக்குள் உட்கார்ந்திருப்பார்கள். காட்டுப்பள்ளியில் பார்த்தது அடிப்படைகளை: ஒழுங்காக மிதக்கிறதா, சொன்னபடி மூழ்குகிறதா, ஆட்கள் உள்ளே இருக்கும்போது உயிர்காப்பு அமைப்பு வேலை செய்கிறதா.

இந்த வாகனத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் 6,000 மீட்டரைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு இரண்டு எண்கள். வழக்கமான ஒரு பயணத்துக்கு 12 மணி நேரம். அவசரம் என்றால் 96 மணி நேரம். உயிரோடு இருப்பதற்கான கையிருப்பு அன்றாடத் தேவையைப் போல எட்டு மடங்கு. இதே வங்கக் கடலில் தனியாக இறங்கும் ஸ்கூபா டைவரைப் பாருங்கள். முதுகில் 12 லிட்டர் சிலிண்டர். அவசரத்துக்கென்று பக்கவாட்டில் 3 லிட்டர் சிலிண்டர். அவருடைய கையிருப்பு அன்றாடத் தேவையில் கால் பங்குதான்.

இரண்டு கணக்குக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. ஏதாவது கெட்டுப்போனால், சுவாசிக்கக் காற்று கிடைக்கும் அடுத்த இடத்துக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும்? மத்ஸ்யா போன்ற வாகனம் எடைக்கட்டிகளை உதறிவிட்டுத் தானே மேலே வரப் பார்க்கும். அதுவும் முடியாமல் தரையில் சிக்கிக்கொண்டால், இன்னொரு கப்பல் இன்னொரு வாகனத்தோடு வந்து தேடிக் கண்டுபிடித்துத் தூக்க வேண்டும். அதற்கு நாட்கள் ஆகும். டைவருக்கு மேற்பரப்பு சில நிமிடத் தொலைவில் இருக்கிறது. மாற்றுக் காற்று எவ்வளவு வேண்டும் என்பதைத் திரும்பி வரும் நேரம்தான் சொல்ல வேண்டும். முதல் சிலிண்டரின் அளவு அதைச் சொல்ல முடியாது. சிலிண்டர் விற்கும் கடைக்காரர் சொல்லவே முடியாது.

நாள் கணக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு 1973-இல் நடந்த ஒன்று இருக்கிறது. அயர்லாந்துக்கு அப்பால் பைசிஸ் 3 என்ற சிறிய நீர்மூழ்கி, ஏறத்தாழ 480 மீட்டர் ஆழத்தில் கடல் தரையில் போய் விழுந்தது. உள்ளே ரோஜர் மல்லின்சன், ரோஜர் சாப்மன் என்று இரண்டு பேர். 72 மணி நேரத்துக்குத்தான் உயிர்காப்பு வசதி. பேச்சைக் குறைத்து, அசையாமல் படுத்து, மூச்சை மிச்சம் பிடித்தார்கள். கடல் தரையில் மூன்று நாட்களுக்கு மேல் கழித்து மேலே வந்தபோது மீதமிருந்தது 12 நிமிட ஆக்சிஜன். கிளம்புவதற்கு முன்பு மல்லின்சன், பாதி தீர்ந்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைக் கழற்றிவிட்டு முழுதாக நிரம்பிய ஒன்றை மாட்டியிருந்தார். வழக்கமான வேலைக்குப் பாதி சிலிண்டரே போதுமாக இருந்திருக்கும்.

நீர்மூழ்கிக்குள் இருப்பவருக்கும் டைவருக்கும் இன்னொரு பெரிய வேறுபாடு உண்டு. வெளியே 600 மடங்கு வளிமண்டல அழுத்தம் இருந்தாலும் கோளத்துக்குள் நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் அழுத்தம்தான். ஆழம் எவ்வளவானாலும் மூவரும் தரையில் சுவாசிப்பது போலவே சுவாசிப்பார்கள். வெளிவிடும் கரியமில வாயுவை ரசாயனம் உறிஞ்சிக்கொள்ளும். செலவான ஆக்சிஜனை மட்டும் ஈடு செய்தால் போதும். ஒருவருக்கு நிமிடத்துக்கு 0.4 லிட்டர் என்று வைத்தாலும், மூன்று பேருக்கு 96 மணி நேரத்துக்குச் சுமார் 7,000 லிட்டர் ஆக்சிஜன்தான் ஆகும்.

டைவர் அப்படியில்லை. அவர் உடம்பைச் சுற்றிலும் தண்ணீர் அழுத்துகிறது. நுரையீரல் விரிய வேண்டுமானால் உள்ளே போகும் காற்றும் அதே அழுத்தத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு பார், அதாவது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம், கூடுகிறது. மேற்பரப்பில் 1, 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4. ராபர்ட் பாயில் 1662-இல் எழுதிவைத்த விதிதான் இங்கே உயிரைத் தீர்மானிக்கிறது: 20 மீட்டரில் இழுக்கும் ஒரு மூச்சு, மேற்பரப்பில் மூன்று மூச்சுக்கான காற்றைத் தின்றுவிடும். அந்த மூச்சிலும் பெரும்பகுதி வீண். உள்ளே போகும்போது 21 சதவீதம் ஆக்சிஜன். வெளியே வரும்போது இன்னும் 16, 17 சதவீதம் மிச்சமிருக்கிறது. அது குமிழியாகப் போய்விடுகிறது.

கணக்கு போடலாம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் 2,400 லிட்டர் காற்று. நிதானமாக நீந்துபவருக்கு மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர். 20 மீட்டரில் 60 லிட்டர். ஆக, 40 நிமிடத்தில் சிலிண்டர் காலி. பயந்துபோனால் மூச்சின் வேகம் இரண்டு மடங்காகும். 40 நிமிடம் 20 ஆகும். மாற்றுக் காற்றைப் பற்றிய கணக்கை எப்போதும் அந்தப் பயந்த மூச்சை வைத்துத்தான் போட வேண்டும். நிதானமாக இருக்கும்போது யாருக்கும் அது தேவைப்படாது.

என்ன கெட்டுப்போகும்? சிலிண்டர் வாயில் மாட்டியிருக்கும் முதல் கட்ட ரெகுலேட்டர், 200 பாரைச் சுற்றுப்புற அழுத்தத்தைவிட ஒன்பது பத்து பார் அதிகம் என்ற அளவுக்குக் குறைக்கிறது. வாயில் கடித்திருக்கும் இரண்டாம் கட்டம், அதை மூச்சுக்கு ஏற்றாற்போல் கொடுக்கிறது. பெரும்பாலான ரெகுலேட்டர்கள் பழுதானால் மூடிக்கொள்ளாமல் திறந்துகொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. காற்று நிற்காது, கொட்டும். ரப்பர் வளையம் ஒன்று பிதுங்கினாலும் குழாய் ஒன்று வெடித்தாலும் கொட்டும். அழுத்தமானியின் உயர் அழுத்தக் குழாய் வெடிப்பதுதான் பயங்கரமாகத் தோன்றும். ஆனால் அதன் அடியில் ஊசிமுனை அளவு துளைதான் இருப்பதால் காற்று மெதுவாகவே போகும். குறைந்த அழுத்தக் குழாய் வெடித்தால் சிலிண்டர் ஓரிரு நிமிடங்களிலேயே தீர்ந்துபோகலாம்.

இருவராக இறங்கினால் இதற்கெல்லாம் ஒரே பதில், கூட வந்தவர். அவருடைய முதல் கட்டத்திலிருந்து இன்னொரு வாய்க்குழாய், ஆக்டோபஸ் என்று சொல்வது, மஞ்சள் நிறத்தில் தொங்கும். அதை வாங்கிக் கடித்துக்கொண்டு சேர்ந்து மேலே வரலாம். தனியாக இறங்குபவருக்கு அவருடைய சொந்த ஆக்டோபஸ் அநேகமாக எதற்கும் உதவாது. அதுவும் அதே சிலிண்டரை, அதே முதல் கட்டத்தைத்தான் நம்பியிருக்கிறது. பழைய காலத்துச் சிலிண்டர்களில் ஜே-வால்வு என்று ஒன்று இருந்தது. காற்று தீரும் தறுவாயில் மூச்சு இறுகும். ஒரு கம்பியை இழுத்தால் அடியில் தேக்கிவைத்த மிச்சம் கிடைக்கும். அழுத்தமானி பரவலாவதற்கு முன்பு பல டைவர்கள் நம்பியிருந்தது அதைத்தான். கம்பி எதிலாவது இடறி முன்பே இழுபட்டிருந்தால், மிச்சம் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். ஒரே சிலிண்டருக்குள் வைக்கும் கையிருப்பு கையிருப்பாகாது என்பதற்கு அந்த வால்வே போதுமான சாட்சி. தனிச் சிலிண்டர், தனி வால்வு, தனி முதல் கட்டம், தனி இரண்டாம் கட்டம், தனி அழுத்தமானி: இந்த ஐந்தும் இருந்தால்தான் அதற்கு மாற்றுக் காற்று என்று பெயர். எஸ்டிஐ நிறுவனத்தின் தனி டைவர் பயிற்சியும் பாடி நிறுவனத்தின் தற்சார்பு டைவர் பயிற்சியும் குறைந்தது 100 டைவ் முடித்தவர்களைத்தான் சேர்க்கின்றன. அந்தப் பயிற்சிகளின் மையமே இந்த மாற்றுக் காற்றுதான்.

கைக்கு அடக்கமாக, 85 லிட்டர் காற்றோடு ஒரு குட்டிச் சிலிண்டர் சந்தையில் கிடைக்கிறது. வாய்க்குழாய் அதன் தலையிலேயே இருக்கும். கடலில் கவிழும் ஹெலிகாப்டரிலிருந்து வெளியேற இது போன்றவற்றை ராணுவ ஹெலிகாப்டர் குழுவினர் வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் கதவைத் திறந்து வெளியே வர அது போதும். 20 மீட்டரில் பயந்த மூச்சுக்கு நிமிடத்துக்கு 120 லிட்டர் வேண்டும். 85 லிட்டர் என்பது 42 விநாடி. நிலைமையைப் புரிந்துகொள்வதற்குள்ளேயே தீர்ந்துவிடும். தனியாக இறங்குபவர்கள் இதை வாங்கி நிம்மதி அடைவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

20 மீட்டருக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? என்ன ஆயிற்று என்று புரிந்து, மாற்று வாய்க்குழாயைக் கடித்து, மூச்சைச் சீராக்க ஒரு நிமிடம்: 120 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் 5 மீட்டர் ஆழம் வரை ஏற இரண்டு நிமிடம்: 180 லிட்டர். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அங்கே மூன்று நிமிடம் நிற்க: 180 லிட்டர். கடைசி 5 மீட்டருக்கு ஒரு நிமிடம்: 50 லிட்டர். மொத்தம் 530. டைவர்கள் போனி என்று சொல்லும் 3 லிட்டர் சிலிண்டரில் 200 பாருக்கு 600 லிட்டர். போதும், ஆனால் இறுக்கமாகப் போதும். கடைசிப் பத்துப் பதினைந்து பார் வாய்க்கு வராது என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். 2 லிட்டர் சிலிண்டர் மேற்பரப்புக்குக் கொண்டுவந்துவிடும், நடுவே நிற்க விடாது. 30 மீட்டருக்கு இதே கணக்கைப் போட்டால் 720 வருகிறது; 3 லிட்டர் அங்கே போதாது.

இதெல்லாம் தெளிந்த தண்ணீருக்கு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்குமான கடல் தெளிந்த தண்ணீர் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் கொசஸ்தலை ஆறு கொண்டுவரும் சேறு, துறைமுகங்களில் ஆழப்படுத்தும்போது கிளம்பும் வண்டல், அனல்மின் நிலையங்களின் சாம்பல் என்று பல காரணங்களால் நீட்டிய கை தெரியாத நாட்கள் உண்டு. அடியில் அறுந்துபோன வலைகள் கிடக்கும். நைலான் வலை தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. சிலிண்டர் வால்விலோ துடுப்புக் காலணியின் கொக்கியிலோ மாட்டிய பிறகுதான் இருப்பது தெரியும். அதை அறுத்து விடுபட இரண்டு நிமிடம் கூடச் சேர்த்தால் 530 என்பது 770 ஆகிறது. அதனால் இந்தப் பக்கத்துக் கடலுக்கு 3 லிட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். 5.7 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் வேண்டும். 200 பாருக்கு 1,140 லிட்டர். தூக்கக் கனம்தான், தண்ணீருக்குள் அந்தக் கனம் தெரியாது. அதோடு இரண்டு கைகளுக்கும் எட்டும் இடத்தில் ஒரு வெட்டுக்கத்தி.

எடுத்துப்போகும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். போனியைப் பெரிய சிலிண்டரோடு முதுகில் சேர்த்துக் கட்டினால் வசதி, ஆனால் அதன் வால்வைப் பார்க்கவும் முடியாது, எட்டவும் முடியாது. கசிகிறதா என்பதும் தெரியாது. இடது விலாவோரம், தோள்பட்டை வளையத்திலும் இடுப்பு வளையத்திலும் கொக்கி போட்டு முன்னால் தொங்கவிட்டால், மானி கண்ணில் படும், வால்வு கைக்கு வரும், வலையில் மாட்டினால் சிலிண்டரையே கழற்றி முன்னால் தள்ளிக்கொண்டு வரலாம். வால்வைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்பதில் டைவர்களுக்குள் முடியாத வாக்குவாதம். குழாயை ஒருமுறை நிரப்பிவிட்டு மூடி வைத்தால் காற்று கசிந்து வீணாகாது. ஆனால் பயத்தில் அதைத் திறக்க வேண்டியிருக்கும். தனியாக இறங்குபவர் திறந்தே வைத்து, மானியை அடிக்கடி பார்ப்பதுதான் நல்லது என்பது என் முடிவு. பயந்த கைக்கு ஒரு வேலை குறையட்டும்.

அந்த வாய்க்குழாய் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரிய வேண்டும். மோவாய்க்குக் கீழே ரப்பர் கயிற்றில் கழுத்தோடு தொங்கவிடுவது நல்ல வழக்கம். இரண்டு வாய்க்குழாயும் ஒரே மாதிரி இருந்தால், படகில் அவசரத்தில் போனியைக் கடித்துக்கொண்டு குதித்துவிடுவது நடக்கும். முதல் பத்து நிமிடத்தில் கையிருப்பு தீர்ந்துபோகும். முதுகில் இருப்பது நிரம்பியே இருக்கும். வேறு நிறத்தில் வாங்குங்கள். இறங்கியதும் 3 மீட்டரில் நின்று மாற்றுக் குழாயில் நான்கு மூச்சு இழுத்துப் பாருங்கள். கரையில் வேலை செய்த ரெகுலேட்டர் தண்ணீருக்குள் தண்ணீரோடு சேர்த்துக் காற்றைத் தந்தால், அது தெரிய வேண்டிய இடம் அந்த 3 மீட்டர்தான். அதற்குப் பிறகு போனியில் இருப்பதைத் திட்டத்தில் சேர்க்கவே கூடாது. கூடுதலாக ஐந்து நிமிடம் இருக்கலாம் என்று அதைத் தொட்டவருக்கு மாற்றுக் காற்று இல்லை.

வட சென்னை வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரை மாதத்தில் படகுத் தளத்தில் கிடந்த சிலிண்டர் 50 டிகிரிக்குச் சூடேறியிருக்கும்போது மானி 200 பார் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 28 டிகிரித் தண்ணீரில் இறங்கியதும் அது 186 பாராகிவிடும். எங்கும் கசியவில்லை, வெப்பம் குறைந்தால் அழுத்தமும் குறையும். ஆனால் நிரம்பியிருக்கிறது என்று நம்பிய 12 லிட்டர் சிலிண்டரில் 168 லிட்டர் ஆரம்பத்திலிருந்தே இல்லை. நிழலில் வைத்து, ஆறிய பிறகு பாருங்கள்.

காற்றின் அளவைவிட அதன் தரம் எனக்கு அதிகக் கவலை தருகிறது. காற்று நிரப்பும் கம்பிரசர் எங்கே நின்று மூச்சு வாங்குகிறதோ அந்தக் காற்றுதான் சிலிண்டருக்குள் போகும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று புகை கக்கும் இடத்தில், அல்லது கம்பிரசரின் சொந்த டீசல் இன்ஜின் பக்கத்தில், அந்த உறிஞ்சுகுழாய் இருந்தால் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போகும். அதற்கு மணமில்லை. பத்து லட்சத்தில் 10 பங்கு மேற்பரப்பில் உடனே ஒன்றும் செய்யாது. 30 மீட்டரில் அதே காற்று 40 பங்கின் வேலையைச் செய்யும். ஐரோப்பியத் தர விதியான இஎன் 12021, சுவாசக் காற்றில் 5 பங்குக்கு மேல் கூடாது என்கிறது. போனியை ஒருமுறை நிரப்பிவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடுவது வழக்கம். கெட்ட காற்று அங்கேதான் நீண்ட காலம் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கும். இந்தியாவில் எரிவாயுச் சிலிண்டர் விதிகள் 2016-இன்படி, நாக்பூரைத் தலைமையகமாகக் கொண்ட, பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் ஒப்புதல் பெற்ற சிலிண்டரையே பயன்படுத்த வேண்டும். அழுத்தச் சோதனைத் தேதி தோள்பகுதியில் பொறித்திருக்கும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் சிலிண்டர்களுக்கு ஆசைப்பட வேண்டாம்.

துறைமுகத் தொழிலில் ஸ்கூபாவைவிட நீளக் குழாய் வழியாகக் காற்று வாங்கும் முறைதான் சரியானது. கப்பலின் அடிப்பாகத்தைப் பார்ப்பது, குளிர்விக்கும் நீரை உறிஞ்சும் குழாய்களைத் துப்புரவு செய்வது, கடலடிக் குழாய்களை ஆய்வு செய்வது எல்லாம் இங்கே உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது இப்படி ஒரு கடலடிக் குழாயிலிருந்துதான். இந்த வேலைகளில் தண்ணீருக்குள் டைவர் ஒருவரே இருக்கலாம். ஆனால் மேலே குழாயைப் பிடித்திருப்பவர், பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் மேற்பார்வையாளர், உடுப்போடு தயாராக இருக்கும் இன்னொரு டைவர் என்று ஒரு குழு இருந்தாக வேண்டும். அப்படியிருந்தும் டைவரின் முதுகில் பெயில்-அவுட் என்ற தனிச் சிலிண்டர் இருக்கும். 2012 செப்டம்பர் 18 அன்று வட கடலில் கிறிஸ் லெமன்ஸ் என்ற டைவருக்கு ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்தில் அந்தக் குழாய் அறுந்தது. மேலே கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தும் கணினி அமைப்பு செயலிழந்து, கப்பல் புயலில் நகர்ந்துவிட்டது. அவருடைய பெயில்-அவுட் சில நிமிடங்களுக்குத்தான். மீட்க அரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. உயிர் பிழைத்தார்; கடும் குளிரும், அவர் அதுவரை சுவாசித்த வாயுவில் ஆக்சிஜன் அழுத்தம் அதிகமாக இருந்ததும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். வங்கக் கடலில் அந்தக் குளிர் இல்லை.

தூத்துக்குடியில் முத்துக் குளித்த காலத்தில் டைவருக்கு மாற்றுக் காற்று கிடையாது. மேலே கயிற்றைப் பிடித்திருக்கும் ஆள்தான் மாற்று. அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று கடலோரத்தில் சொல்வதுண்டு. தங்கை விதவையாவதை அவன் விடமாட்டான். பிற்காலத்தில் சங்கு குளிப்பவர்கள் படகு கம்பிரசரில் மாட்டிய பிளாஸ்டிக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள். இன்ஜின் நின்றாலும் குழாய் மடங்கினாலும் காற்று நிற்கும். வேகமாக மேலே ஏறுவதுதான் வழி. 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது நுரையீரலில் இருக்கும் காற்று இரண்டு மடங்கு விரியும். அடக்கிய மூச்சு நுரையீரலைக் கிழித்துவிடும். ஏறும்போது மூச்சை விட்டுக்கொண்டே வர வேண்டும் என்பதைக் கூட யாரும் சொல்லித் தராமல் இறங்கியவர்கள் பலர்.

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கும், ராயபுரம் முதல் காட்டுப்பள்ளி வரை தண்ணீருக்கடி வேலையை ஒப்பந்தம் எடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புரொப்பல்லரில் சுற்றிய வலையை அறுக்கவோ முழுகிய படகைத் தேடவோ, பயிற்சி பெறாத எவரையும் காற்றுக் குழாயோடு அனுப்பாதீர்கள். பயிற்சி பெற்றவரை அனுப்பினாலும், தனி ரெகுலேட்டரோடு நிரம்பிய இரண்டாவது சிலிண்டர் அவர் உடம்பில் இல்லாவிட்டால் அன்றைக்கு இறக்காதீர்கள். அந்தச் சிலிண்டரின் விலையை ஒப்பந்தத் தொகையிலேயே சேர்த்துக் கேளுங்கள். இறங்கச் சொல்லப்படும் இளைஞர்களே, அந்த ஆழத்தின் அழுத்தத்தையும் பயந்த மூச்சையும் நிமிடத்தையும் பெருக்கி உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். விடை உங்கள் சிலிண்டரில் இருப்பதைவிடப் பெரிதாக வந்தால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.